கொம்பு போனது சரி, அப்புறம்?

போன வாரம் மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. வைக்கிங் வேஷம்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள் (ஆயிரம் வருடத்துக்கு முன் நார்வே, டென்மார்க், சுவீடன் பக்கமிருந்து கப்பலேறி வந்து ஐரோப்பாவைக் கலக்கிய ஆட்கள்). பொம்மைக் கடையில் 150 ரூபாய்க்கு இரண்டு கொம்பு வைத்த பிளாஸ்டிக் தலைக்கவசம் கிடைத்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மச்சினன் வந்துவிட்டான்.

"மாமா, வைக்கிங் ஹெல்மெட்டுக்குக் கொம்பே கிடையாது. இதான் ஒரிஜினல்." கீழே ஒரு படம். உருண்டையான இரும்புத் தொப்பி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல இரும்பு வளையம்.

கொம்பைப் பற்றி அவன் சொன்னது சரிதான். 1876-ல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகம் மேடையேறியபோது உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்லர் கொம்பு வைத்தார், அது ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. நிஜமாகவே கொம்பு வைத்த தலைக்கவசங்கள் இரண்டு டென்மார்க்கில் வெக்சோ என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் 1942-ல் கிடைத்தன. ஆனால் அவை கி.மு. 900 வாக்கில் செய்த வெண்கலச் சாமான்கள். வைக்கிங்குகள் வருவதற்கு இன்னும் 1,700 ஆண்டு பாக்கி.

இதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். என் பிரச்சினை "இதான் ஒரிஜினல்" என்கிற அந்த இரண்டாவது படத்தோடுதான்.

அது யெர்முண்ட்பு தலைக்கவசம். நார்வேயில் ஒரு பண்ணை நிலத்தில் 1943-ல் கிடைத்தது. பத்தாம் நூற்றாண்டுச் சமாதி, எரித்த எலும்போடு ஆயுதங்களும் இரும்பு வளையச் சட்டையும் இருந்தன. தலைக்கவசம் முழுசாக இல்லை, சில துண்டுகள். அவற்றைச் சேர்த்துத்தான் ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். தொடர், வீடியோ கேம், பொம்மை என்று எங்கே "அசல் வைக்கிங் தலைக்கவசம்" பார்த்தாலும் பெரும்பாலும் இந்த ஒன்றின் நகல்தான். ஸ்காண்டிநேவியாவில் ஓரளவுக்காவது முழு உருவம் தெரிகிற மாதிரி வைக்கிங் காலத்திலிருந்து வந்தது இது ஒன்றுதான். டென்மார்க்கின் டியேலேயில் சில துண்டுகள் உண்டு. இங்கிலாந்தின் யார்ம் ஊரில் 1950-களில் சாக்கடைக் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய தொழிலாளர்கள் கையில் இன்னொன்று அகப்பட்டது. அது பத்தாம் நூற்றாண்டுச் சரக்குதான் என்று ஆய்வில் உறுதியானது 2020-ல்.

அதே நார்வேயில் வைக்கிங் காலத்து வாள்கள் எத்தனை கிடைத்திருக்கின்றன தெரியுமா? இரண்டாயிரத்துக்கும் மேலே. இப்போது சொல்லுங்கள், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இந்த ஒன்றை வைத்து ஒரு சமூகத்தின் தலையெல்லாம் அளக்கலாமா? இங்கே சோறு ஒன்று கையில் இருக்கிறது, பானையைத்தான் காணோம்.

ஏன் இவ்வளவு குறைவு? மெல்லிய இரும்புத் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். உடைந்தால் கொல்லன் காய்ச்சி அடித்து வேறு ஏதாவது செய்துவிடுவான். அப்பா போட்டதை மகன் போடுவான், புதைக்க மனசு வராது. பலரிடம் தலைக்கவசமே இருந்திருக்காது என்பதும் சாத்தியம்தான். "மீதிப் பேர் தோலில் செய்து போட்டிருப்பார்கள், மக்கிப் போயிருக்கும்" என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மக்கிப் போனதையே சாட்சியாக நிறுத்தினால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாமே.

விலையைப் பார்த்தாலும் விஷயம் புரியும். ரைன் நதிக்கரையில் வாழ்ந்த பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பழைய சட்டத்தொகுப்பு ஒன்றில், அபராதத்தைப் பொருளாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. தலைக்கவசம் 6 சொலிடஸ் (அந்தக் காலத்து நாணயம்). உறையோடு வாள் 7. கொம்பும் கண்ணும் நன்றாக இருக்கிற எருது 2. அதாவது மூன்று எருதைக் கொடுத்தால் ஒரு தலைக்கவசம். (கவனித்தீர்களா, கொம்பு கணக்கில் வருவது எருதுக்குத்தான்.)

என்னைப் பொறுத்தவரை பழைய தலைக்கவச ஆராய்ச்சியில் எல்லோரும் படிக்க வேண்டிய கதை சட்டன் ஹூ தலைக்கவசத்துடையது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் 1939-ல் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது கிடைத்த கப்பல் சமாதி, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். மேலே இருந்த மரக்கூரை என்றோ சரிந்து விழுந்ததில் தலைக்கவசம் நொறுங்கி 500-க்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஹெர்பர்ட் மேரியன் என்ற சிற்பி அதை ஒட்ட உட்கார்ந்தார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். பிளாஸ்டரில் ஒரு தலை செய்து, அதன்மேல் துண்டுகளைப் பொருத்தி, இடைவெளியைப் பூசி, ஒரு முகத்தைக் கொண்டுவந்துவிட்டார். உலகமே பார்த்து வியந்தது.

ஆனால் குறைகளும் கண்ணில் பட்டன. முகத்திலும் கழுத்திலும் திறந்த இடம் அதிகம், ஒரு வெட்டு விழுந்தால் ஆள் காலி. சுவீடனில் வெண்டல், வால்ஸ்கார்ட சமாதிகளில் கிடைத்த இதே குடும்பத்துத் தலைக்கவசங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். கடைசியில் நைஜல் வில்லியம்ஸ் என்ற இளைஞர், அருங்காட்சியகத்தின் பெருமையாக நின்ற அந்தப் பொருளை மறுபடியும் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டின் தடிமனையும், மேலே இருக்கும் அலங்காரத்தையும், உட்பக்கம் துரு படிந்திருக்கும் விதத்தையும் பார்த்து ஜோடி தேடினார். பதினெட்டு மாத வேலை, 1971-ல் முடிந்தது. பறக்கும் உருவம் ஒன்றின் சிறகு புருவமாகவும், உடல் மூக்காகவும், வால் மீசையாகவும் அமைந்த அந்த முகம், இன்று நாம் பார்ப்பது, அவர் கட்டியதுதான். அதிலும் அசல் துண்டுகளுக்கு நடுவே சமமாகப் பூசிய வெற்றிடங்கள் தனியாகத் தெரிகின்றன, மறைக்கவில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்ததே அந்த வெற்றிடங்கள்தான்.

1960-ல் யாராவது ஒரு மச்சினன் மேரியனின் தலைக்கவசப் படத்தைக் காட்டி "இதான் ஒரிஜினல்" என்று சண்டை போட்டிருப்பான் இல்லையா?

ஓவியத்தை நம்பலாமே என்பார்கள். 820 முதல் 830-க்குள் பாரிஸ் பக்கம் ஒரு மடாலயத்தில் எழுதி, இப்போது ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கும் பைபிள் சங்கீதங்களின் (துதிப் பாடல்கள்) கையெழுத்துப் புத்தகத்தில் விளிம்பு விரிந்த தலைக்கவசம் போட்ட வீரர்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். மண்ணுக்கடியிலிருந்து அப்படி ஒன்று இதுவரை வந்ததில்லை. துறவி பழைய ரோமானியப் படத்தைப் பார்த்து வரைந்தாரா, வாசலில் நின்ற காவலனைப் பார்த்து வரைந்தாரா என்று இன்னும் அடிதடி. சரி, கவிஞனை நம்பலாமா? பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில் பன்றி உருவம் வைத்த தலைக்கவசங்கள் வருகின்றன. கற்பனை என்று தள்ளத் தோன்றும். ஆனால் 1848-ல் டெர்பிஷயரில் தாமஸ் பேட்மன் தோண்டிய சமாதியில், உச்சியில் பன்றி நிற்க, மூக்குப் பட்டையில் வெள்ளிச் சிலுவையோடு ஒன்று வந்தது. பழைய சாமியும் புதுச் சாமியும் ஒரே தலையில். கையால் வரைந்தவனைவிடக் காதால் கேட்டுப் பாடியவன் இங்கே நம்பகமானவனாகிவிட்டான்.

அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. யார்க் நகரில் 1982 மே மாதம் கட்டட வேலையில் மண் அள்ளும் இயந்திரம் எதிலோ இடித்தது. ஓட்டியவர் கல் என்று நினைத்து ஒதுக்கியிருந்தால், எட்டாம் நூற்றாண்டுத் தலைக்கவசம் ஒன்று லாரியில் ஏறிப் போயிருக்கும். பித்தளைப் பட்டையில் ஜெபமும், ஓஷெரே என்ற பெயரும் பொறித்திருக்கும் அதில். ஆங்கிலோ-சாக்சன் (அந்தக் காலத்து இங்கிலாந்து மக்கள்) தலைக்கவசம் என்று சொல்ல மொத்தமே ஆறுதான் இருக்கின்றன, அதில் ஒன்று இப்படி மயிரிழையில் தப்பியது.

இதையெல்லாம் மச்சினனுக்கு நீளமாக டைப் செய்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

போட்டியன்று காலையில் என் மனசாட்சி உறுத்த, கொம்பு இரண்டையும் திருகிக் கழற்றினேன். தலையில் இரண்டு ஓட்டை. மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, கொம்பு இல்லாட்டி நான் யாருன்னு யாருக்குத் தெரியும்?"

கொம்பை மறுபடியும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அந்தப் போட்டோவை மட்டும் குழுவில் போடவில்லை.