முதலில் அவரைப் பேச விடுங்கள்

பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரைக் காவல்துறை விசாரிக்கும் முறை மாற வேண்டும், அதற்குக் காவலர்களுக்குப் பயிற்சி தேவை என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது முழுக்கச் சரி. ஆனால் 'பயிற்சி தேவை' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தியது போதவில்லை. எதைப் பயிற்றுவிப்பது?

"ஏன் கத்தவில்லை?", "ஏன் உடனே வந்து சொல்லவில்லை?" என்ற கேள்விகளை முதலில் விட வேண்டும். கடும் அச்சத்தில் உடல் அசையாமல் உறைந்துபோவது பலருக்கும் நடக்கிறது. அது சம்மதம் ஆகாது. இது தெரியாத அதிகாரியின் முன்னால், பாதிக்கப்பட்டவர் தன்மேல்தான் தப்போ என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்.

நினைவும் வரிசையாக வராது. ஒரு குரல், ஒரு வாசனை துல்லியமாக இருக்கும், நேரம் குழம்பும். அதை உடனே முரண்பாடு என்று எழுதிக்கொள்வது பெரிய அநியாயம். சாட்சிகளை விசாரிக்க 1980களில் உளவியலாளர்கள் ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் உருவாக்கிய நேர்காணல் முறையில், நடந்த சூழலை மனதில் கொண்டுவரச் சொல்லி, நினைவில் இருப்பதைச் சாட்சியின் போக்கிலேயே சொல்ல விடுகிறார்கள். குறுக்கே பேசுவதில்லை. குறிப்பான கேள்விகள் எல்லாம் அப்புறம்தான். இப்படிக் கேட்டால் கூடுதல் விவரம் கிடைப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. வழக்குக்கும் இதுதான் நல்லது.

முதல் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிவு செய்தால், அதே கொடுமையை ஆள் மாற்றி ஆளிடம் திரும்பச் சொல்லும் அவலமும் குறையும். அந்தப் பதிவுகளை அனுபவசாலிகள் பார்த்து, கேள்வி கேட்டவரிடம் குறைகளைத் தொடர்ந்து எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு முறை நடத்தும் வகுப்பு சீக்கிரம் மறந்துபோகும்.