தோட்டத்துக் காதலை எப்போது எழுதப் போகிறோம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். தமிழர்கள் கூலிகளாக வந்து உழைத்த ரப்பர் தோட்டத்தைப் பற்றிய சரித்திர நாவல் என்றால் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். கப்பல், காய்ச்சல், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் பிரம்பு, கள்ளுக்கடை, கண்ணீர். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் ஆசைப்பட்டுக் கைபிடித்ததும் உண்மைதானே? "பிழைக்க வந்த கூலிக்கு ஏது காதல்?" என்று ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்க, அரங்கமே தலையாட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. துரைமார்கள் நம்மவர்களைத் தலைக்கணக்காக எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். நாமும் அதையே எழுதினால் எப்படி?

காதல் கதை என்றதும் பால்மரங்களுக்கு நடுவே மாலை வெயிலில் ஓடிப்பிடித்து விளையாடும் ஜோடியை நான் கேட்கவில்லை. மரம் சீவுகிறவர்களுக்கு ஏது அந்த நேரம்? குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடிவதற்கு முன்பே பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. பிறகு அவரவர் மர வரிசையான நிரை, பால் வடியும் கிண்ணமான மங்கு, பாலைச் சுமக்கும் காண்டா வாளி, ஸ்டோரில் பால் நிறுவை. அந்த வேலைக்குள்ளேயேதான் காதலும் நடந்தது.

என் தாத்தா கல்யாணத்துக்கு முன் பாட்டியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். சாயங்காலமானால் பாட்டியின் தம்பியிடம் பாட்டி மரம் சீவும் உளியைக் கேட்டு வாங்கி, தீட்டுக்கல்லில் தீட்டித் திருப்பி அனுப்புவாராம். உளி மழுங்கியிருந்தால் பட்டை சீராக வராது. கை அழுத்தினால் மரத்தில் காயம் விழும். அப்புறம் வேலையை மேற்பார்க்கும் தண்டலின் ஏச்சு, கூலியிலும் பிடித்தம். மறுநாள் முதல் மரத்தில் உளியை வைத்ததுமே பட்டை மெல்லிய சுருளாக வழுக்கிக்கொண்டு வருமாம். அந்தச் சுருளைப் பார்த்துத்தான் தன் மனம் இளகியது என்று பாட்டி சொல்வார். இதைவிடப் பெரிய காதல் காட்சி எந்த நாவலுக்கு வேண்டும்?

மழையையும் சரியாக எழுதுங்கள். பட்டை நனைந்தால் பால் தடம் மாறி வழியும், மங்கில் தண்ணீர் சேரும், அன்றைக்குச் சீவல் கிடையாது, பெரும்பாலும் கூலியும் கிடையாது. அடுப்பில் என்ன வைப்பது என்ற கவலையும், இன்று அவளைப் பார்க்கலாம் என்ற ஆசையும் ஒரே நாளில் வருகிற மழை அது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆரம்ப காலத்தில் ஆண்களின் எண்ணிக்கையில் பாதிகூடப் பெண்கள் இல்லை. கங்காணியோ துரையோ கண் வைத்தால் ஒரு பெண்ணால் எவ்வளவு தூரம் மறுத்திருக்க முடியும்? அந்த அத்துமீறலுக்குக் காதல் என்று பெயர் சூட்டும் கதை எனக்கு வேண்டாம். சாதியும் கப்பலேறித்தான் வந்தது. கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் சொந்தத்திலிருந்தும் ஆள் கட்டிக்கொண்டு வந்ததால், ஊரில் இருந்த சுவர் லயத்திலும் எழும்பியது. அதைத் தாண்டிக் கைபிடித்தவர்களின் கதை எத்தனை வீடுகளில் ரகசியமாகக் கிடக்கிறது!

பிரிவுக்கு நாவலாசிரியர் கற்பனையில் வில்லனைத் தேடவே வேண்டியதில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1942, 43இல் ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவேயில்லை. 1943இல் நேதாஜி அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் பலர் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை அடக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. பிறகு தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழும்பியது, ஊரடங்கு வந்தது, வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலத்தைக்கூட வெளியே விடாத இடங்கள் உண்டு. பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணை விரும்பிய ஒருவன் அந்த வருடங்களில் அவளை எப்படிப் பார்த்தான்? இதை எழுத நம்மில் பலருக்கும் கை வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எழுதுகிற தம்பி தங்கைகளே, அந்த முள்வேலிக்குள் வாலிபம் கழித்த பாட்டிமார்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பேட்டி எடுக்கப் போனால் எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தாத்தாவை எங்கே முதலில் பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். இந்தத் தீபாவளி விடுமுறைக்குள்ளேயே போய்க் கேளுங்கள்.