விபிஏ எடிட்டருக்குள் நுழைந்தால் தமிழ் கேள்விக்குறிதானா?

வேர்டு ஃபைலில் ஒரு சொல்லைத் தேடி ஹைலைட் செய்யும் மேக்ரோ (வேர்டு தானாகச் செய்ய நாம் எழுதித்தரும் கட்டளைத் தொகுப்பு) பெரிய வித்தை ஒன்றுமில்லை. பத்து வரி கோடு (code). ஆங்கிலச் சொல் என்றால் எழுதி, ஓட்டி, அடுத்த வேலைக்குப் போய்விடலாம். தமிழ்ச் சொல் என்றால் முதல் வரியிலேயே வயிறு எரிகிறது. விபிஏ எடிட்டரில், அதாவது வேர்டில் அந்தக் கோடை எழுதும் ஜன்னலில், மேற்கோள்குறிக்குள் ‘பக்கம்’ என்று ஒட்டிப் பாருங்கள். ஆறு கேள்விக்குறிகள்தான் வந்து நிற்கும்!

ஃபைலில் தமிழ் தெளிவாகத் தெரிகிறது. தேடல் பெட்டியில் கையால் தட்டினால் கண்டுபிடித்தும் தருகிறது. கோடு எழுதும் அந்த ஒரு ஜன்னல் மட்டும் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொது முறை) தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. 1991இலேயே யூனிகோடில் தமிழ் ஏறிவிட்டது ஐயா! ரஷ்ய மொழிக்காரராவது விண்டோஸில் தன் மொழிக்கான பழைய எழுத்து அட்டவணையைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்கலாம். தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணையே கிடையாது.

மாற்று வழியாகச் சொல்லப்படுவது, எழுத்தெழுத்தாக அதன் யூனிகோடு எண்ணில் எழுதுவது. 2986, 2965, 3021, 2965, 2990, 3021. இதுதான் ‘பக்கம்’; புள்ளிக்கும் தனி எண். ஃபைலில் தேடிப் பிடிக்க வேண்டிய நூறு பிழைச் சொற்களின் பட்டியலை இப்படி எழுதிவிட்டு, அதில் ஓர் எண் தவறியிருக்கிறதா என்று எந்த மனிதர் படித்துக் கண்டுபிடிப்பார்? பிழை தேடுவதற்கான பட்டியலையே பிழை பார்க்க முடியாதென்றால் அது எதற்கு?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த மௌனம். கேள்விக்குறிகளோடு மேக்ரோவை ஓட்டினால் எந்த எச்சரிக்கையும் வராது. ஃபைலில் ஆறு கேள்விக்குறிகள் வரிசையாக எங்கும் இல்லை, எனவே எதையும் தொடாமல் சமர்த்தாக முடிந்துவிடும். பிழையே இல்லை போலிருக்கிறது என்று நம்பி அனுப்பிவிடுவோம். முந்தைய தேடலில் போட்ட வைல்டுகார்டு (சில குறிகளை எந்த எழுத்துக்கும் பதிலாகக் கொள்ளும் தேடல் வசதி) டிக் அணைக்கப்படாமல் தங்கியிருந்தால் இன்னும் மோசம். அப்போது ஒரு கேள்விக்குறி என்றால் ஏதாவது ஓர் எழுத்து என்று பொருள். ஃபைல் முழுக்க மஞ்சள்!

அடிக்குறிப்புகளிலும் இதே கதைதான். முதன்மை உரையை மட்டும் தேடும் கோடு அடிக்குறிப்பு, பக்கத்தின் மேல்தலைப்பு (header), உரைப்பெட்டி எதையும் எட்டிப் பார்க்காது. விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லாது. ஒவ்வொரு பகுதியாகப் போய்த் தேடச் சொல்லி நாம்தான் தனியாக எழுத வேண்டும்.

இப்போதைக்கு உருப்படியான வழி ஒன்றுதான். சொற்களைத் தனி வேர்டு ஃபைலில் அட்டவணையாகத் தட்டிவைத்து, மேக்ரோவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடில் தமிழே வராது, கேள்விக்குறியும் வராது. வைல்டுகார்டை அணைக்கும் வரியைக் கட்டாயம் சேருங்கள். வழி இருக்கிறதே என்று எடிட்டரைச் சரிசெய்ய வேண்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. தமிழில் வேலை செய்கிறவர் தன் சொல்லைத் தன் எழுத்திலேயே கோடில் தட்ட வேண்டும். இது சலுகை இல்லை, அடிப்படை வசதி!