பார்க்கின்சன் நோயாளிக்கு உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தால் போதாது

நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் உள்ளவரின் சீட்டில் 130/80 என்று ஒரே ஒரு பிரஷர் மட்டும் எழுதியிருந்தால், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது. அதே ஆளுக்குப் படுத்திருக்கும்போது 170, எழுந்து நின்ற மூன்றாவது நிமிடம் 95 என்று இருக்கலாம். கொல்லைக்குப் போகிற வழியில் விழுவது அந்த 95-இல்தான்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நம் உடம்பில் தலைதான் கடைமடை, அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். உடனே நரம்பு நார்-அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, கீழே உள்ள ரத்தக்குழாய்களை இறுக்கும். மதகை அடைத்தால் தண்ணீர் கடைமடைக்கு ஏறுகிற மாதிரி. பார்க்கின்சன், அதன் உறவான லூயி பாடி மறதிநோய், பார்க்கின்சன் போலவே தோன்றும் எம்.எஸ்.ஏ. (மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி) என்ற நரம்புச் சிதைவு நோய், இந்த மூன்றிலும் அந்த நரம்புப் பாதையே பழுதாகிறது. மதகு இருக்கிறது, அடைக்க லஸ்கர் (மதகைத் திறந்து மூடுகிற ஊழியர்) வரவில்லை.

வீட்டிலேயே அளக்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, பக்கத்தில் ஆள் பிடித்துக்கொள்ள நிற்க வைத்து ஒன்றாவது நிமிடமும் மூன்றாவது நிமிடமும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நின்றால் பிரஷர் இறங்கும் கோளாறு உறுதி. நாடியையும் குறியுங்கள். பிரஷர் 30 இறங்கியும் நாடி 15 கூட ஏறவில்லையென்றால் சந்தேகம் நரம்பின் மேல். நாடி பிய்த்துக்கொண்டு ஓடினால் நீர் வற்றல், ரத்த இழப்பு போன்றவற்றைத் தேட வேண்டும். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டி, இறக்கத்தை மறைத்துவிடும். நெஞ்சு உயரத்துக்குத் தாங்கிப் பிடியுங்கள். கை நடுங்கினால் மெஷின் தப்பு காட்டும், நடுக்கம் குறைவான கையில் கட்டுங்கள்.

எல்லோருக்கும் தலை சுற்றாது. நின்றால் பிடரியும் தோளும் வலிக்கும், படுத்தால் போய்விடும். கண் மங்கும். பேச்சுக்கு நடுவே வெறித்துப் பார்ப்பார். 'வயசாயிடுச்சு' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

காலை நேரமும் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரமும் மோசம். பந்தியில் தரையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சடாரென எழுவது, சித்திரை வெயிலில் கோயில் வரிசை, வெந்நீர்க் குளியல், மலச்சிக்கலோடு முக்கிவிட்டு எழுவது, எல்லாமே ஆபத்து. மாத்திரைகளும் காரணமாகும். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், நீர் பிரிய வைக்கும் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஏன், பார்க்கின்சனுக்கே தரும் முக்கிய மருந்தான லெவோடோபாவேகூட. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், முக்கியமாக லெவோடோபாவை. பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்துக்கு முன்னால் தண்ணீர். காலையில் எழுவதற்கு முன் கட்டிலில் உட்கார்ந்தபடி அரை லிட்டர் பச்சைத் தண்ணீரை மூன்று நான்கு நிமிடத்தில் குடித்தால், ஐந்து பத்து நிமிடத்தில் பிரஷர் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம்போல் நிற்கும். இதற்கு உப்பு மோர் சரிவராது, வெறும் தண்ணீர்தான் வேலை செய்யும். விழுங்கும்போது புரையேறுகிறவருக்கும், இதயமோ கிட்னியோ பலவீனமானவருக்கும் இதை டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. உப்பைக் கூட்டுவதும் அப்படித்தான். காலில் ரத்தம் தேங்காமல் இருக்கப் போடும் இறுக்கமான காலுறையை நம்மூர்ப் புழுக்கத்தில் யாரும் இரண்டாம் நாள் போடமாட்டார்கள். அதைவிட வயிற்று பெல்ட்டே மேலானது. எழுமுன் கட்டி, படுக்குமுன் அவிழ்த்துவிட வேண்டும்.

ராத்திரிதான் பலரும் கோட்டைவிடும் இடம். மட்டமாகப் படுத்தால் பிரஷர் ஏறும், கிட்னி உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். நாலைந்து தடவை மூத்திரத்துக்கு எழுந்து, விடியும்போது உடம்பு வற்றிக் கிடக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள், ஆறு அங்குலம் உயரும். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். பகல் தூக்கத்துக்குச் சாய்வு நாற்காலியே நல்லது. பிரஷரை ஏற்றும் மிடோட்ரின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும்.

இத்தனைக்கும் மீறி ஆள் துவண்டால், நம்மூரில் முதலில் செய்வது கையைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் சாய்ப்பது. அதுதான் தப்பு. விழுந்த இடத்திலேயே படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். நினைவு முழுசாகத் திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சோடா வாங்க ஓடுவதெல்லாம் அப்புறம்.