பத்து வருஷம் காசு கட்டியதையும் பிடுங்குவார்களாம்

ஒரு வெளிநாட்டு வேதியியல் சங்கத்திடமிருந்து, அதன் ஆய்வு இதழுக்கு அடுத்த வருஷ ஆன்லைன் சந்தாவுக்கான கொட்டேஷன் வந்திருக்கிறது. திறந்து பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. கடலூரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பதினேழு வருஷமாக நூலகராக இருக்கிறேன். இந்த எரிச்சல் வருஷா வருஷம் வருவதுதான், ஆனால் இந்த முறை தாங்க முடியவில்லை.

விலை ஏறியதைக்கூட விடுங்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மேல் விலை அடுக்குக்குத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். காரணம், கல்லூரியின் மொத்த மாணவர் எண்ணிக்கை கூடிவிட்டதாம். கூடியது பி.காம். பிரிவில்! அந்த இதழைத் திறக்கப் போவது எம்.எஸ்ஸி. வேதியியலில் இருக்கும் நாற்பது பிள்ளைகளும் ஏழெட்டு ஆசிரியர்களும்தான். கணக்குப்பதிவியல் படிக்கும் பிள்ளையின் தலைக்கும் சேர்த்து நாங்கள் ஏன் கட்ட வேண்டும்? கேட்டால், எல்லாருக்கும் இதே விலைக் கொள்கைதான் என்று இரண்டு வரியில் மெயில். அதுவும் டாலரில். 2010 வாக்கில் 45 ரூபாய் இருந்த டாலர் இன்று 85-ஐத் தாண்டிவிட்டது. எங்கள் நூலக பட்ஜெட் அப்படியா ஏறியது?

எனக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நூலகத்தின் ஜன்னல்கள் பெயர்ந்து மழை உள்ளே கொட்டியது. பைண்ட் செய்து வைத்திருந்த பழைய இதழ்கள் எல்லாம் ஊறிப் போயின. நானும் அட்டெண்டர் அண்ணனும் ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாளைச் செருகி, மொட்டை மாடியில் நாலு நாள் காய வைத்தோம். ஓரமெல்லாம் பழுப்பேறி, தாள்கள் நெளிந்து, அவை இன்றும் அலமாரியில் இருக்கின்றன. 1998ஆம் வருஷத் தொகுதி வேண்டுமென்றால் இப்போதே எடுத்துக் கொடுப்பேன். ஆன்லைன் சந்தாவில் அந்தப் பேச்சே இல்லை. அடுத்த வருஷம் கட்டவில்லை என்றால், இதுவரை பத்து வருஷம் முழுப் பணம் கட்டி வாங்கினோமே, அந்த இதழ்களும் போய்விடும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. புயல் விட்டுவைத்ததைக்கூட இவர்கள் விட்டுவைக்க மாட்டார்கள்.

போன மாதம் தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருத்தி வந்து, "சார், இந்தக் கட்டுரை திறக்கவே மாட்டேங்குது" என்று நின்றாள். வெள்ளாற்றுக் கழிமுகத்துச் சேற்றில் படியும் உலோகங்களைப் பற்றியது, வேறொரு சங்கத்தின் இதழில் வந்தது. நம் ஊர் ஆய்வாளர்கள் முட்டியளவுச் சேற்றில் இறங்கி மாதிரி எடுத்து, நம் வரிப்பணத்தில் சோதித்து எழுதியது. எழுதியவருக்குக் காசு கிடையாது, சரிபார்த்துக் கொடுத்த பேராசிரியர்களுக்கும் கிடையாது. அதே கடற்கரையில் வளர்ந்த பெண் அதைப் படிக்க மட்டும் நாற்பது டாலராம், அதுவும் 48 மணி நேரத்துக்கு. சுருக்கத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

ஆய்வு இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்துவிட்டதே என்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது, 30 வெளியீட்டாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளை படிக்கலாம், கடலூரில் சுயநிதிக் கல்லூரிப் பிள்ளை படிக்கக் கூடாது. அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால், பாண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலாப்பட்டுக்கு இன்னொரு பஸ் என்று பிடித்துப் போய்க் கெஞ்ச வேண்டியதுதான்.

இதழ் வருமானத்தில்தான் மாநாடும் உதவித்தொகையும் நடத்துகிறோம் என்று சங்கங்கள் சொல்லும். நடத்தட்டும், தாராளமாக. அதற்குக் கடலூர்ப் பிள்ளையின் ஃபீஸ்தானா கிடைத்தது? சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, தன் இதழ்க் கட்டுரைகளை யாரும் காசில்லாமல் படிக்கும்படி தன் தளத்தில் வைத்திருக்கிறது. அதுவும் சங்கம்தானே?

படிப்பவர்களை மட்டும் எண்ணி விலை வையுங்கள், பணம் கட்டிய வருஷங்களை எங்களிடமே விடுங்கள் என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. டிசம்பர் 31 வரைதான் லாகின் வேலை செய்யும். அதுவரை எது வேண்டுமோ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லவும் வழியில்லை. மொத்தமாக இறக்கினால் அதற்கு முன்பே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.