ரேட்டைக் குறைக்க மாட்டேன்

நான் புரூஃப் பாக்கறவ, அதாவது அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி புக்குல பிழை திருத்தறவ. சனிக்கிழமை ஒரு நாவலுக்குப் புரூஃப் பாக்கற விஷயத்துல என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், திரும்ப முழுசா சொல்லல. "பக்கத்துக்கு 12 ரூபாய்க்குப் புரூஃப் பாக்க ஆள் ரெடியா இருக்காங்க, நீங்க 25 கேக்குறீங்க, ஜனவரி புத்தகக் காட்சிக்கு புக் வரணும், என்ன சொல்றீங்க மேடம்"னு அந்தப் பதிப்பாளர் எல்லார் முன்னாடியும் என்கிட்ட கேட்டதுதான் வலிக்குது. ஒம்பது வருஷப் பழக்கம், தனியா ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்.

குறைக்க மாட்டேன். அங்க சொன்னதையேதான் இங்கயும் சொல்றேன்.

12 ரூபாய்க்கு ஒரு தடவைதான் படிக்க முடியும். நான் மூணு தடவை படிக்கிறேன், முதல்ல கதையா, அடுத்து எழுத்தெழுத்தா, கடைசியா லேஅவுட் முடிஞ்சு பிரிண்ட் எடுத்து பேனாவோட உக்காந்து. ரெண்டும் ஒரே வேலை இல்லங்க.

"அதான் சாஃப்ட்வேர் வந்துருச்சே"ம்பீங்க. நானும்தான் யூஸ் பண்றேன். ஆனா "வேலை தேடினான்"னா உத்தியோகம், நடுவுல ஒரு த் விழுந்து "வேலைத் தேடினான்"னு ஆனா முருகன் கையில இருக்கற வேல். ரெண்டுமே சரியான தமிழ், எது வேணும்னு கதையைப் படிச்சவங்களுக்குத்தான் தெரியும். பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைலை யூனிகோடுக்கு மாத்தும்போது "அவர்"ல ர் வரவேண்டிய இடத்துல துணைக்காலும் புள்ளியும் வந்து உக்காந்துக்கும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அப்புறம் மின்னூல்ல "அவர்"னு தேடினா சிக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின புத்தகத்தை மறுபதிப்பு போடறவங்க ஏன் என்னைத் தேடி வர்றாங்க? யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வச்ச பழைய லை, னை எல்லாம் ஸ்கேன்ல கன்னாபின்னான்னு மாறி வரும், மூலத்தைப் பக்கத்துல வச்சு வரி வரியா ஒப்பிடணும். போட்டி அதிகமானப்போ ரேட்டைக் குறைக்காம இந்த வேலையைத்தான் கத்துக்கிட்டேன்.

"நீங்களும் கம்மி ரேட்டுக்குத்தானே உள்ள வந்தீங்க?" ஆமா, வந்தேன். 2014ல 8 ரூபாய்க்கு ஒரு புக் பிடிச்சேன், ஈய எழுத்தைக் கோத்து அச்சடிச்ச லெட்டர்பிரஸ் காலத்துல இருந்து புரூஃப் பாத்த ஒரு பெரியவர்கிட்ட வழக்கமாப் போற வேலை அது. அவசர அவசரமா ஒரே தடவை படிச்சுக் குடுத்தேன். சமர்ப்பணப் பக்கத்துல ஆசிரியரோட அம்மா பேரே தப்பா அச்சாகி வந்துச்சு. அந்த அம்மா அப்போ உயிரோட இல்ல. அந்தப் பெரியவரே என்னைக் கூப்பிட்டு, "ரேட்டைக் குறைச்சது தப்பில்லம்மா, படிக்காமக் குடுத்தியே, அதுதான் தப்பு"ன்னு சொன்னார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லன்னு இருந்துச்சு.

அதனால அந்த 12 ரூபாய் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல, சத்தியமா இல்ல. ஆனா பதிப்பாளர்களே, பேப்பர் கடையில, பிரஸ்ல, பைண்டிங்ல யார்கிட்டயாவது "பாதி விலைக்குத் தர்றியா"ன்னு கேப்பீங்களா? எங்ககிட்ட மட்டும் ஏன் கேக்குறீங்க? வீட்டுல உக்காந்து செய்றதாலயா, பொம்பளைங்க நிறையப் பேர் செய்றதாலயா? சின்ன பதிப்பகம், 300 காப்பி போறதே கஷ்டம்னு சொல்றதும் உண்மைதான். அதுக்கு அட்டை வடிவமைப்புல குறைங்க, வெளியீட்டு விழாவுல குறைங்க.

தங்கச்சி, நீ இதைப் படிச்சா எனக்கு ஒரு போன் பண்ணு. 12க்கு ஒத்துக்காதம்மா. பாதிப் பணம் முன்னாடியே வாங்கிட்டு ஃபைலைத் திற. போன மார்ச்ல நான் முடிச்சுக் குடுத்த புக்குக்கே இன்னும் மீதிக் காசு வரல.