மருந்துக்கடைப் பலகையில் சிவப்புச் சிலுவை எதற்கு?

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு மருந்துக்கடை. பலகையில் கடைப்பெயரைவிடப் பெரிதாக, வெள்ளையில் சிவப்புச் சிலுவை. "அண்ணே, இந்தக் குறியை நாம போடக்கூடாது" என்றேன். "டாக்டர் சிம்பல்தானே தம்பி?" என்றார். அவர்மேல் தப்பில்லை, யாரும் சொல்லித் தந்ததில்லை.

எனக்குச் சொல்லித் தந்தவர் பள்ளி ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ், மாணவர்களுக்கான செஞ்சிலுவைப் பிரிவு) ஆசிரியர். பழைய வேட்டியை முக்கோணமாகக் கிழித்து, உடைந்த கைக்குத் தூளி கட்டப் பழக்குவார். வலது முனை இடதின் மேல், அப்புறம் இடது முனை வலதின் மேல். அப்போதுதான் முடிச்சு நழுவாது. கட்டிக்கொண்டே கதை சொல்வார்.

1859 ஜூன் 24, இத்தாலியின் சோல்ஃபெரினோ. பிரெஞ்சு, சார்டினியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் மோதிய களம். தொழில் விஷயமாக அந்தப் பக்கம் போன ஜெனீவாக்காரர் ஹென்றி டூனாண்ட், காயம்பட்டவர்கள் தண்ணீர்கூட இல்லாமல் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்து ஊர் காஸ்டிலியோனேயில் தேவாலயமே ஆஸ்பத்திரியானது. எந்தப் படைக்காரன் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் புண்ணைக் கழுவினார்கள். "எல்லோரும் சகோதரர்கள்" என்றார்களாம். இந்த இடம் வரும்போது ஆசிரியரின் குரல் தழுதழுக்கும். இன்றைக்கு எனக்கும் அப்படித்தான்.

போரில் காயம்பட்டவர்களுக்கு உதவ 1863இல் ஜெனீவாவில் ஒரு குழு அமைந்தது; அதுதான் செஞ்சிலுவை இயக்கத்தின் தொடக்கம். நாடுகள் சேர்ந்து செய்த 1864 ஜெனீவா ஒப்பந்தத்தில் அடையாளம் முடிவானது: சுவிஸ் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்ட வெள்ளையில் சிவப்புச் சிலுவை. "இங்கே சுடாதே" என்பதுதான் அதற்கு அர்த்தம்.

முதல் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களுக்கான வேலையை இந்தியாவில் பிரிட்டிஷ் செஞ்சிலுவையும் முதலுதவி அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் சேர்ந்து பார்த்தன. போர் முடிந்தபின், 1920 மார்ச்சில் வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினர் சர் கிளாட் ஹில் கொண்டுவந்த மசோதா சட்டமாகி, இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. குடியரசுத் தலைவர்தான் அதன் தலைவர். அதனாலேயே பலர் அதை ஏதோ அரசுத் துறை என்று நினைத்துவிடுகிறார்கள். ரத்த வங்கி, பேரிடர் நிவாரணம், முதலுதவிப் பயிற்சி என்று அது செய்யும் வேலையில் பெரும்பகுதி தொண்டர்களின் உழைப்பு.

அந்தக் குறியை அனுமதியில்லாமல் பயன்படுத்துவது 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி குற்றம். ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் உரியதை கிளினிக் வாசலிலும் கார் கண்ணாடியிலும் ஒட்டினால், போர்க்களத்தில் அதற்கு என்ன மரியாதை இருக்கும்? படித்த மருத்துவர்களே இதைச் செய்வதுதான் எனக்கு ஆற்றாமை.

கடைக்கார அண்ணனிடம் பச்சைச் சிலுவை போடச் சொன்னேன். "சரி, ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வருவார், நீயும் கூட இரு" என்றிருக்கிறார். போகிறேன்.